முதுசொம் என்று எழுதுமுன்

யாழ்ப்பாணத்தில் காணிக் கதை எடுத்தால் சீக்கிரமே வந்து விழுகிற சொல் முதுசொம். முது என்றால் பழையது, சொம் என்றால் சொத்து. பேச்சில் முதுசம் என்று தேய்ந்துவிட்டது, அது பிழையில்லை. தாய் தகப்பன் தந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரைச் சூட்டுவதுதான் பிழை.

தகப்பன் உயிரோடு இருக்கும்போது நன்கொடை உறுதி (பத்திரம்) முடித்துத் தந்த வளவு முதுசொம் ஆகாது. மகளின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்தது சீதனம். அப்பா, அம்மம்மா என்று மேல்வழியில் ஒருவர் இறந்து, அதனால் வந்து சேர்ந்ததுதான் முதுசொம். பிள்ளையில்லாத சித்தப்பா இறந்து காணி வந்தால் அதற்கு உரிமை என்றே தனிப்பெயர். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தவருக்காக வந்த கட்டளைச் சட்டம் முதுசொம், உரிமை இரண்டையும் பிரித்தே வரையறுக்கிறது. ஆகவே அம்மாவின் சீதன வீடு, அவர் காலமான பின் பிள்ளைக்கு முதுசொம். வீடு அதேதான், தலைமுறை மாறப் பெயரும் மாறுகிறது.

முதுசொம் ஆண்பிள்ளைச் சொத்து என்ற எண்ணமும் இன்னும் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை தொகுக்கப்பட்டபோது கணவன் கொண்டுவந்தது முதுசொம், மனைவி கொண்டுவந்தது சீதனம் என்றே இருந்தது. 1911இன் வரையறையில் அந்த ஆண், பெண் பிரிவு இல்லை.

இப்போது தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, 'பூர்வீகச் சொத்தில் எனக்குப் பிறப்பிலேயே பங்கு' என்று தகப்பனோடு சண்டைக்கு நிற்பவர்களும் இருக்கிறார்கள். அது இந்திய இந்துச் சட்டம். இங்கே பெற்றவர் இருக்கும்வரை சொத்து அவருடையது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொரு பிழை. கலியாணத்துக்குப் பிறகு சம்பளக் காசில் வாங்கிய இரண்டு பரப்புக் காணி, பரம்பரைக் காணிக்குப் பக்கத்தில் இருப்பதால் அதையும் முதுசொம் என்றே வீட்டில் சொல்லிப் பழகிவிடுவார்கள். உண்மையில் அது தேடிய தேட்டம், அதாவது கலியாண வாழ்வில் சம்பாதித்த சொத்து. கணவன் உயில் எழுதாமல் இறந்தால், அந்த 1911 சட்டத்துக்கு 1947இல் வந்த திருத்தப்படி, அவருடைய தேட்டத்தில் பாதி மனைவிக்கு. முதுசொம்மில் அப்படி ஒரு பாதி அவளுக்கு இல்லை; பிள்ளைகளும் இல்லாவிட்டால் அது வந்த வழிச் சொந்தங்களிடமே திரும்பிப் போகும். நாலு பேர் கூடி 'இது முதுசம்தானே' என்று சொன்னால், துக்க வீட்டில் இருக்கிற பெண் எதிர்த்துப் பேசமாட்டாள். பழைய உறுதியை எடுத்து, யார், எப்போது, எந்தக் காசில் வாங்கினார்கள் என்று உறுதி எழுதும் நொத்தாரிசிடம் காட்டிக் கேளுங்கள். அதற்குப் பிறகு பங்கைப் பேசலாம்.