விமானச் சண்டையில் உண்மையில் எத்தனை வீழ்ந்தன? நாமே சரிபார்க்கும் முறை

சீன – ஜப்பானியப் போரின் விமானச் சண்டைகளைப் படிக்கத் தொடங்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: ஒரே சண்டைக்கு இரண்டு கணக்கு. 1937 ஆகஸ்ட் 14 அன்று, ஹாங்சோ அருகே ஜியான்சியாவ் தளத்துக்கு மேலே சீன விமானப்படைத் தளபதி காவ் ஸிஹாங்கின் படைப்பிரிவு 6 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தியதாகச் சீனத் தரப்பு சொன்னது. அந்த நாள் பின்னர் சீன விமானப்படை தினமாகவும் ஆனது. ஜப்பானியப் பதிவில் இழப்பு அதைவிடக் குறைவு. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

1. ஒரே ஒரு சண்டையை எடுங்கள். பழகுவதற்கு 1940 செப்டம்பர் 13 நல்ல தேர்வு. ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ போர் விமானம் முதன்முதலாக வானில் சண்டையிட்ட நாள் அது. இடம் சோங்சிங்கை அடுத்த பிஷான். 13 ஜீரோக்கள் ஒரு பக்கம். ஐ-152, ஐ-16 என்று சீனப் படையின் சோவியத் தயாரிப்புப் போர் விமானங்கள் 34 எதிர்ப்பக்கம்.

2. தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். ஜப்பானிய ஆவணங்களில் ஷோவா ஆண்டு (பேரரசரின் ஆட்சிக்கால எண்ணிக்கை) இருக்கும், சீன ஆவணங்களில் மிங்குவோ ஆண்டு (சீனக் குடியரசு தொடங்கியதிலிருந்து எண்ணுவது). ஷோவாவுடன் 1925, மிங்குவோவுடன் 1911 கூட்டினால் சரி. ஷோவா 15, மிங்குவோ 29 இரண்டுமே 1940தான். ஜப்பானியக் கடற்படைப் பிரிவுகளின் சண்டை அறிக்கைகள் ஜக்கார் என்ற ஆவணக் காப்பக இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அங்கே ஊர்ப் பெயரைச் சீன எழுத்திலேயே ஒட்டித் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் பாதிக்கு மேல் நழுவிவிடும்.

3. அட்டவணை போடுங்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம், வரிகளை இடம் மாற்ற முடியாது. லிப்ரே ஆபிஸ் கால்க் என்ற இலவச அட்டவணை மென்பொருள் தாராளமாகப் போதும். விமானத்துக்கு ஒரு வரி. பத்திகள் (மேலிருந்து கீழாக வரும் நெடுவரிசைகள்) இவை: எதிரி வீழ்த்தியதாகச் சொன்னது, திரும்பாதது, திரும்பியும் உதவாமல் போனது, சேதம், விமானியின் நிலை.

4. எந்தப் பத்தியை யாருடைய பதிவிலிருந்து நிரப்புவது? எல்லாரும் தடுமாறுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பாருங்கள். வீழ்த்தியவர் சொல்வது முதல் பத்திக்கு மட்டும். மீதி எல்லாம் இழந்தவரின் உள்பதிவிலிருந்து வர வேண்டும். செய்தித்தாளுக்குக் கொடுத்த அறிக்கையை அதில் சேர்க்காதீர்கள். ஊருக்கு என்ன சொன்னாலும், மாற்று விமானம் கேட்கவும் இறந்தவரின் வீட்டுக்குத் தகவல் அனுப்பவும் உண்மைக் கணக்கை எங்கோ எழுதித்தான் ஆக வேண்டும்.

பிஷானுக்கு இதைச் செய்து பாருங்கள். ஜீரோ விமானிகள் சொன்னது 27. சீனப் பதிவில் வீழ்ந்தவை 13. இரண்டு மடங்கு புளுகு என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். சேதப் பத்தியைப் பாருங்கள், அங்கே 11 இருக்கிறது. ஆக 24 விமானங்கள் அடி வாங்கியிருக்கின்றன. சுட்டவர் கண்ணுக்குப் புகையும் தலைகுப்புறப் பாய்வதும்தான் தெரியும். அந்த விமானம் கீழே நிமிர்ந்து தளத்துக்குத் திரும்பியது தெரியாது. ஒரே விமானத்தை இருவர் சுட்டு, இருவருமே தன் கணக்கில் எழுதுவதும் உண்டு.

விமானியின் பத்தியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அன்று சீனத் தரப்பில் 10 பேர் இறந்தார்கள், 8 பேர் காயமடைந்தார்கள். விமானங்களை மட்டும் எண்ணினால் இது கண்ணிலேயே படாது.

'திரும்பியும் உதவாமல் போனது' என்ற மூன்றாவது பத்தி ஏன் என்று கேட்பீர்கள். ஆகஸ்ட் 14 தாக்குதலுக்குப் போன விமானங்களில் ஒன்று, அன்று ஜப்பான் வசமிருந்த தைவான் வரை வந்து, கீலுங் துறைமுகத்தருகே கடலில் இறங்கியது. ஹாங்சோவில் அது 'வீழவில்லை'. ஆனால் ஜப்பானுக்கு அது இழப்புதான். இப்படிப்பட்டவற்றை எங்கே சேர்ப்பது என்பதில்தான் பாதிச் சண்டை நடக்கிறது. என் கருத்து: தனிப் பத்தியிலேயே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: இந்த முறையில் ஆகஸ்ட் 14-ஐப் போட்டுப் பார்த்த வாசகர் ஒருவருக்குக் கூட்டல் இடித்தது. காரணம், அன்று தைபேயிலிருந்து கிளம்பிய 18 விமானங்களில் 9 ஹாங்சோவுக்கும் 9 குவாங்தே என்ற இன்னொரு சீன விமானத்தளத்துக்கும் போயின. நாள் முழுவதுக்குமான இழப்பை ஜியான்சியாவ் கணக்கில் ஏற்றினால் குழம்பும். 'இலக்கு' என்று இன்னொரு பத்தியைச் சேர்த்து, முதலில் அதை வைத்து வரிசைப்படுத்திவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.