ஜாவா பெச்செல் சம்பல்: காரமான வேர்க்கடலைத் தொக்கு

பெச்செல் என்பது வேகவைத்த கீரை, காய்கள் மேல் வேர்க்கடலை விழுதைக் கரைத்து ஊற்றும் ஜாவா உணவு; இது அதற்கான விழுது.

வேர்க்கடலை 250 கிராம், சிவப்பு மிளகாய் 6, காந்தாரி மிளகாய் 5, பூண்டு 4 பல், கச்சோலம் என்ற இஞ்சி வகைக் கிழங்கு ஒரு அங்குலம், ஜெருக் பூருட் என்ற எலுமிச்சை வகையின் இலை 5, தென்னங்கருப்பட்டி 75 கிராம், விதை நீக்கிய புளி ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி.

கடலையை மிதமான தீயில், எண்ணெயில் கிளறிக்கொண்டே பொரியுங்கள். வெளிர்பழுப்பு வந்ததுமே வடித்துவிட வேண்டும். எடுத்த பிறகும் உள்சூட்டில் நிறம் ஏறும். ஒரு பிடி கருகினாலும் மொத்தமும் கசக்கும், வெல்லம் கூட்டினாலும் போகாது.

அதே எண்ணெயில் மிளகாய், பூண்டு, கச்சோலத்தை ஈரம் வற்றும்வரை வதக்குங்கள். நடுநரம்பு நீக்கிய இலையை மொறுமொறுப்பாகப் பொரித்தெடுங்கள். கச்சோலத்தை விட்டுவிடாதீர்கள், பெச்செலின் வாசமே அதுதான். ஆனால் அளவு மிஞ்சினால் மருந்து நெடி அடிக்கும்.

முதலில், வதக்கியவை, இலை, உப்பு, புளி, கருப்பட்டி ஆகியவற்றை இடித்து, பிறகு ஆறிய கடலையைச் சேருங்கள். அம்மியோ உரலோ நல்லது. மிக்சி என்றால் விட்டுவிட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் எண்ணெய் கக்கிக் கூழாகிவிடும். குறுணை பல்லில் தட்டுப்பட வேண்டும். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது, சீக்கிரம் கெடும்.

காற்றுப்புகா டப்பாவில் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். பரிமாறும்போது இரண்டு மேசைக்கரண்டி விழுதுக்கு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் கரைத்து, வேகவைத்த கீரை, பயற்றங்காய், முளைப்பயறு மேல் ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீரில் கருப்பட்டி சரியாகக் கரையாது.