கிடங்கு வாசலில் ஆர்எஃப்ஐடி: படித்ததில் எதை நம்புவது?

பார்கோடு தானாகப் பதிவாகாது. ஒரு ஆள் ஸ்கேனரை நீட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு அழுத்தலிலேயே "இந்தப் பெட்டி வந்து சேர்ந்தது" என்று அவர் சாட்சி சொல்லிவிடுகிறார். பெட்டியில் ஒட்டிய டேக்கை (சிப்பும் ஆன்டெனாவும் உள்ள லேபிளை) ரேடியோ அலையால் தொலைவிலிருந்தே ரீடர் படிக்கும் ஆர்எஃப்ஐடியில் அந்தச் சாட்சி கிடையாது. உள்ளே வரும் பெட்டியும் பேசும், ஓரமாகச் சும்மா நிற்கும் பெட்டியும் பேசும். டேக்கைப் படிக்கவைப்பது சின்ன வேலை. படித்ததில் எது உண்மையான வரவு என்று பிரித்தெடுப்பதில்தான் உழைப்பெல்லாம் போகும்.

எண்ணும் பிரிண்டரும்

சில்லறைச் சரக்குக்குப் பேட்டரி இல்லாத யுஎச்எஃப் (மீஉயர் அதிர்வெண்) டேக் போதும். ஜென்2 என்று அழைக்கப்படும் ஐஎஸ்ஓ 18000-63 தரத்தில் வாங்குங்கள். 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை டேக் வேலை செய்யும். ரீடருக்கு அந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவில் 902–928, ஐரோப்பாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டை என்று நாட்டுக்கு நாடு மாறும். எந்த நாட்டில் நிறுவுகிறீர்களோ அந்த நாட்டுக்கான ரீடரையே வாங்க வேண்டும்.

தனிப் பொருளுக்கு எஸ்ஜிடிஐஎன்-96 (பொருள் வகையோடு வரிசை எண்ணும் சேர்ந்தது), கலப்புப் பெட்டிக்கும் பேலட்டுக்கும் (சரக்கு அடுக்கும் தட்டுக்கும்) எஸ்எஸ்சிசி-96 (சரக்குக் கட்டின் அடையாள எண்) எழுதுங்கள். பதினாறடிமானத்தில் முதலாவது 30 என்றும் இரண்டாவது 31 என்றும் தொடங்கும். இந்த இரண்டு இலக்கத்தை வைத்தே வேண்டாத டேக்குகளை ரீடரிலேயே வடிகட்டிவிடலாம். எஸ்ஜிடிஐஎன்-96இல் வரிசை எண்ணுக்கு 38 பிட் உண்டு, அதாவது ஒரு பொருளுக்குச் சுமார் 27,487 கோடி எண்கள். இவ்வளவு இருந்தும் ஒரே எண் இரண்டு பொருளில் வந்துவிடுகிறது. லேபிளை அச்சிட்டுச் சிப்பில் எண்ணையும் எழுதும் பிரிண்டர்கள் இரண்டு இருந்து, இரண்டும் 1இலிருந்து தொடங்குவதே காரணம். இரண்டு சட்டைகள் ஒரே எண்ணோடு இருந்தால் கணக்கில் ஒன்றுதான் தெரியும். எந்த ரீடராலும் அதைப் பிரித்துக் காட்ட முடியாது. பிரிண்டருக்கு ஒரு எண் வரம்பு என்று முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். எழுதி முடித்ததும் 32 பிட் கடவுச்சொல் போட்டு இபிசி பகுதியை (சிப்பில் இந்த எண் இருக்கும் இடத்தை) பூட்டிவிடுங்கள்.

லேபிள் ரோலின் வகை மாறும்போதெல்லாம் பிரிண்டரை மறுபடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு எழுதும் சக்தியை மட்டும் ஏற்றினால், பக்கத்து லேபிளில் எண் ஏறிவிடும். அச்சில் ஒரு எண், சிப்பில் வேறு எண்.

எங்கே ஒட்டுவது

லேபிளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைந்து வளைந்து ஓடும் அலுமினியக் கோடு தெரியும், அதுதான் ஆன்டெனா. நடுவில் கடுகளவுகூட இல்லாத கரும்புள்ளி சிப். பெட்டி விளிம்பில் மடித்து ஒட்டினால் அந்தப் புள்ளியில்தான் விரிசல் விழும்.

உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஷாம்பு பாட்டில் பெட்டி என்றால் திரவம் ஒட்டி நிற்கும் பக்கத்தில் ஒட்டாதீர்கள். பாட்டில் கழுத்துகளுக்கு இடையே காற்று இருக்கும் மேல் பாகம்தான் சரியான இடம். டின், ஃபாயில் உறைக்கு உலோகத்தின்மேல் ஒட்டவென்றே செய்த தடித்த டேக் வேண்டும். சாதாரண டேக்கை நேராக ஒட்டினால் அது ஊமையாகிவிடும். ஒரு டேக்கின்மேல் இன்னொன்று படிந்திருந்தாலும் இரண்டும் பலவீனமாகும்.

வாசல்

ஒரே ஒரு வாசலில் தொடங்குங்கள். நான்கு போர்ட் ரீடர் ஒன்று, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஆன்டெனா. பேலட்டின் கீழடுக்கை ஒன்றும் மேலடுக்கை ஒன்றும் பார்க்கும் உயரத்தில் பொருத்துங்கள். டேக் எந்தக் கோணத்தில் வரும் என்று சொல்ல முடியாததால் வட்ட முனைவாக்கம் உள்ள, அதாவது அலையைச் சுழற்றி அனுப்பும் ஆன்டெனாவே வேண்டும்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய கேபிளில் இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு அரை டெசிபெல் வரை போய்விடும். ஆறு மீட்டர் இழுத்தால் 3 டெசிபெல், அதாவது பாதி சக்தி கேபிளிலேயே தீர்ந்துவிடும். தடித்த கேபிளில் இழப்பு மீட்டருக்குச் சுமார் 0.13 டெசிபெல்தான். ரீடர் சக்தியிலிருந்து கேபிள் இழப்பைக் கழித்து ஆன்டெனா ஈட்டத்தை (அலையை ஒரு திசையில் குவிக்கும் அளவை) கூட்டினால் வெளியே போகும் சக்தி கிடைக்கும். கேபிள் இழப்பை விட்டுவிட்டால், 30 டிபிஎம் (சக்தியின் டெசிபெல் அளவு) ரீடரும் 6 டிபிஐ (ஈட்டத்தின் டெசிபெல் அளவு) ஆன்டெனாவும் சேர்ந்தால் 36 டிபிஎம், அதாவது 4 வாட். இது உங்கள் நாட்டின் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது.

வாசலின் வெளிப்புறம் ஒன்று, உட்புறம் ஒன்று என இரண்டு ஒளி சென்சார்களைப் பொருத்துங்கள். எது முதலில் மறைபட்டது என்பதை வைத்து வரவா, அனுப்புதலா என்று தெரிந்துவிடும். முதல் சென்சார் மறைபட்டதும் ரீடர் விழிக்கட்டும், இரண்டாவது விடுபட்டு இரண்டு மூன்று நொடியில் தூங்கட்டும். நாள் முழுக்க ஓடும் ரீடர் குப்பைத் தரவைத்தான் குவிக்கும்.

பக்கத்து வாசலின் பெட்டி

திட்டத்தைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். ஃபோர்க்லிஃப்டின் இரும்புத் தூண் கடந்து போகும் அந்தக் கணத்தில் அது ஒரு கண்ணாடிபோல அலையைத் திருப்பிவிடும். தள்ளி நிற்கும் பேலட் உள்ளே வந்ததாகப் பதிவாகிவிடும்.

இப்படிச் சோதியுங்கள். 50 டேக் கொண்ட பேலட் ஒன்றை வாசலிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி அசையாமல் நிறுத்துங்கள். வெறும் ஃபோர்க்லிஃப்டை வாசல் வழியே பத்து முறை ஓட்டுங்கள். அப்போது பதிவாகும் ஒவ்வொன்றும் பொய்ப் பதிவு. பதிவு நிற்கும்வரை சக்தியை ஒவ்வொரு டெசிபெல்லாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பிறகு சிக்னல் வலிமையைக் கவனியுங்கள். கடந்து போகும் பெட்டியின் சிக்னல் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். நிற்கும் பெட்டியின் சிக்னலில் அந்த மலை வடிவம் இருக்காது. மென்பொருள் விதியை இதை வைத்தே எழுதுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வாசல்களுக்கு நடுவே உலோக வலைத் தடுப்பு போட வேண்டும். அலைநீளம் சுமார் 33 செ.மீ. என்பதால் ஓரிரு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையே போதும்.

ரீடரின் அமர்வு அமைப்பிலும் (ஒரு முறை பதில் சொன்ன டேக் எவ்வளவு நேரம் மௌனம் காக்கும் என்பதை முடிவு செய்யும் அமைப்பு) ஒரு பொறி இருக்கிறது. எஸ்2 அமர்வில் ஒரு முறை பதில் சொன்ன டேக், சக்தி போன பிறகும் குறைந்தது இரண்டு நொடி மௌனமாக இருக்கும். அடுத்த வாசலும் எஸ்2 என்றால் அங்கே அது வாயே திறக்காமல் போகலாம். அடுத்தடுத்த வாசல்களுக்கு எஸ்2, எஸ்3 என்று மாற்றி வையுங்கள்.

விட்டுப்போகும் டேக்

ஒரே பேலட்டை 20 முறை கடக்கவிட்டு, எந்த எண் எத்தனை முறை விட்டுப்போனது என்று எழுதுங்கள். ஒரே டேக் திரும்பத் திரும்ப விட்டுப்போனால் குறை டேக்கிலோ ஒட்டிய இடத்திலோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டேக் என்றால் ஆன்டெனா கோணத்தையும் வண்டி வேகத்தையும் பாருங்கள். இதைப் பிரித்தறியாமல் சக்தியை ஏற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விட்டுப்போன டேக் வருமோ வராதோ, பக்கத்து வாசலின் பெட்டி நிச்சயம் வந்துவிடும்.

அனுப்புநரின் முன்னறிவிப்புப் பட்டியலில் 48 பெட்டி, வாசலில் படித்தது 47 என்று வையுங்கள். மீதி ஒன்றைப் பட்டியலைப் பார்த்து மென்பொருளே நிரப்பிக்கொள்ள விடாதீர்கள். அந்தப் பேலட்டை நிறுத்தி, கை ரீடரால் பார்த்து, ஒரு ஆள் முடிவு சொல்லட்டும். பட்டியலில் இல்லாத 49ஆவது பெட்டி வந்தாலும் இதேதான்.

கை ரீடரால் இருப்பு எண்ணும்போது ஒரு வரிசையில் போய் அதே வரிசையில் திரும்பி வாருங்கள், மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே நடங்கள். புது எண் எதுவும் அரை நிமிடமாக வராவிட்டால் அடுத்த வரிசைக்குப் போகலாம். மெல்லிய தடுப்புச் சுவருக்கு அப்பால் உள்ள சரக்கும் கணக்கில் சேரும் என்பதால், சுவரை ஒட்டிய அடுக்குகளில் சக்தியைக் குறைத்துவிட்டு எண்ணுங்கள்.

ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் எதிரே நிரந்தரமாக ஒரு சோதனை டேக் ஒட்டி வையுங்கள். அதன் எண்ணை வரவுக் கணக்கில் சேராதபடி விலக்கிவிட்டு, தினமும் காலையில் அது நிமிடத்துக்கு எத்தனை முறை படிக்கப்படுகிறது என்று பாருங்கள். திடீரென்று குறைந்திருந்தால் இணைப்பி தளர்ந்திருக்கும், அல்லது முந்தின நாள் ஏதோ ஒரு வண்டி ஆன்டெனாவை இடித்துத் திருப்பியிருக்கும்.