நாயை வெளியே கட்டி வைக்கும் முன்

நாயை வெளியே கட்டி வைப்பதற்கும் சட்ட வரம்பு உண்டு. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிப்போடுவதையும், வழக்கமாகக் கட்டப்பட்டிருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் விடுவதையும் குற்றமாகக் கருதுகிறது. அளவு எதையும் அது குறிப்பிடாததால், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலச் சட்டத்தை அளவுகோலாகக் கொள்வது நல்லது: ஆளில்லாமல் வெளியே கட்டும் நாய்க்குச் சங்கிலி கூடாது, கயிறு 10 அடி, அல்லது மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரையுள்ள நீளத்தின் 5 மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதற்குக் குறையக்கூடாது, நிழலும் தூய குடிநீரும் கட்டாயம். கழுத்தை இறுக்கும் பட்டையைத் தவிருங்கள். தாண்டிக் குதித்துத் தொங்கிவிடக்கூடிய சுவரின் அருகில் ஒருபோதும் கட்டாதீர்கள்.