பாஸ்போர்ட் நகல் திறக்காமல் மூன்று நாள் போன கதை

பயணத்துக்கு முன் பாஸ்போர்ட், விசா, காப்பீட்டுத் தாள் மூன்றையும் போனில் படம் எடுத்து கிளவுடில் ஏற்றி வைத்தேன். போன் தொலைந்தால் எங்கிருந்தும் எடுக்க முடியுமா என்று பழைய லேப்டாப்பில் சோதித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. காப்பீட்டுத் தாள் திறந்தது. மற்ற இரண்டும் "இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை" என்றே வந்தன. போனில் மட்டும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

ஏற்றும்போது பழுதாகியிருக்கும் என்று நினைத்து இரண்டு முறை மறுபடி ஏற்றினேன். பிரவுசரை மாற்றினேன். கடைசியில் கோப்பின் பெயரை, எங்கும் திறக்கும் பட வடிவமான ஜேபெக்கைக் குறிக்கும் .jpg என்று முடியும்படி மாற்றினேன். அதுதான் பெரிய தப்பு. பிரச்சினை தீரவில்லை, எது அசல் வடிவம் என்பதும் மறைந்துவிட்டது.

சலிப்பில் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தேன். புரியாத குறிகளுக்கு நடுவே, முதல் வரியிலேயே ஹெச்இஐசி (heic) என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்! அது வேறொரு பட வடிவத்தின் பெயர். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. இடம் மிச்சப்படுத்த என் போன் அந்த வடிவில்தான் சேமிக்கிறது. பழைய கணினிகளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. காப்பீட்டுத் தாள் தப்பியது, அதை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பிப் பிறகு ஏற்றியதால். அனுப்பும்போதே ஜேபெக்காக மாறியிருக்கிறது.

இரண்டு படங்களையும் போனில் பிரின்ட் வழியாகப் பிடிஎஃப் ஆக்கி ஏற்றினேன், உடனே திறந்தன. கேமரா அமைப்பிலும் வடிவத்தை ஜேபெக்குக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பழைய லேப்டாப்பிலேயே மூன்றையும் இறக்கித் திறந்து பார்த்த பிறகுதான் பெட்டி கட்டினேன்.