உயரமான மலைப்பாதைக்குக் குளிர் உடைகள்: தேர்ந்தெடுப்பது எப்படி?

மலையில் குளிர் தாங்காமல் திண்டாடுகிறவர்களில் பலர் உடை குறைவாகக் கொண்டுபோனவர்கள் இல்லை. ஏறும்போது அளவுக்கு மேல் போட்டுக்கொண்டு வியர்த்து, நின்றதும் அந்த ஈரத்திலேயே நடுங்குகிறவர்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை வெளியே கடத்திவிடும். அதனால் கடையில் நிற்கும்போது "இதில் எது ரொம்பக் கதகதப்பு?" என்று கேட்காதீர்கள். "இதைப் போட்டுக்கொண்டு ஏறப்போகிறேனா, உட்காரப்போகிறேனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே உடை சரிப்படாது.

கயிறும் பனிக்கோடரியும் தேவைப்படாமல், நடந்தே போய்வரக்கூடிய 3,000 முதல் 5,500 மீட்டர் வரையிலான பாதைகளுக்கான விளக்கம் இது. அதற்கும் மேலே உள்ள சிகரங்களுக்கு பூட் முதல் கையுறை வரை எல்லாமே வேறு.

படி 1: எவ்வளவு குளிர் என்று கணக்குப் போடுங்கள்

உங்கள் பாதையில் மிக உயரத்தில் தங்கும் முகாம் எது, அங்கே அந்த மாதத்தில் இரவு வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். நேரடித் தகவல் கிடைக்காவிட்டால், 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 1,000 மீட்டரில் உள்ள அடிவார ஊரில் இரவு 15 டிகிரி என்றால், 4,500 மீட்டரில் ஏறக்குறைய மைனஸ் 8. தெளிந்த வானமும் தரையில் பனியும் இருந்தால் இன்னும் இறங்கும். ஆகவே கணக்கில் வந்த எண்ணிலிருந்து மேலும் 5 டிகிரி கழித்துவிடுங்கள்.

அடுத்தது காற்று. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். கணவாய் தாண்டும் பாதை என்றால் காற்று இருந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, மழையா பனியா என்ற கேள்வி. மைனஸ் 10-இல் விழும் உலர்ந்த பனியை உதறிவிடலாம். 2 டிகிரியில் பெய்யும் மழை அதைவிட மோசம், எல்லாவற்றையும் நனைத்துவிடும்.

படி 2: உடம்பை ஒட்டியிருக்கும் உடை

இங்கே ஒரே விதி: பருத்தி கூடாது. டீ-ஷர்ட், ஜீன்ஸ், பருத்தி உள்ளாடை எதுவும் வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், குளிரில் காயவே காயாது. "தெர்மல்" என்று எழுதியிருந்தாலும் உள்ளே தைத்திருக்கும் சிறு துணியைத் திருப்பிப் படியுங்கள். தடிமனாகவும் மெத்தென்றும் இருக்கும் பல தெர்மல்களில் பாதிக்குமேல் பருத்திதான்.

பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் இரண்டே நாளில் நாறும். மெரினோ கம்பளி காய நேரமாகும், ஆனால் ஈரமானாலும் ஓரளவு சூடு கொடுக்கும், நாற்றம் தெரியாது. ஆனால் சீக்கிரம் கிழியும். எது கிடைத்தாலும் சரிதான். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள துணியாக, உடம்போடு ஒட்டி ஆனால் இறுக்காமல் இருக்கட்டும். நடப்பதற்கு இரண்டு செட், தூங்குவதற்கென்று ஒரு செட். அந்தத் தூங்கும் செட்டை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள்.

படி 3: ஃபிளீஸ்

ஃபிளீஸ் என்பது மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. தடிமனான ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவுள்ளது ஒன்று நடப்பதற்கு, 200 கிராம் அளவுள்ளது ஒன்று மாலைக்கு. கழுத்தருகே ஜிப் இருந்தால் நடந்துகொண்டே திறந்து மூடிச் சூட்டைச் சரிசெய்யலாம்.

படி 4: டவுன் ஜாக்கெட்

மெல்லிய பறவை இறகு அடைத்த ஜாக்கெட்தான் டவுன் ஜாக்கெட். முதல்முறை போகிறவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இது. ஜாக்கெட்டில் பெரிதாக 800 என்று எழுதியிருக்கும். அது ஃபில் பவர், அதாவது ஓர் அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பும் என்ற கணக்கு. இறகின் தரத்தைச் சொல்லுமே தவிர, உள்ளே எவ்வளவு இறகு இருக்கிறது என்று சொல்லாது. 800 ஃபில் பவரில் 80 கிராம் அடைத்த ஜாக்கெட்டைவிட, 650 ஃபில் பவரில் 180 கிராம் அடைத்தது கிட்டத்தட்ட இரு மடங்கு உப்பும். கதகதப்பும் அதற்கேற்றபடி கூடும், சுமையும் கூடும். எனவே இரண்டு எண்ணையும் கேளுங்கள். இறகின் எடையைச் சொல்லவே மறுக்கும் ஜாக்கெட்டை நாங்கள் வாங்கமாட்டோம்.

முகாமில் மைனஸ் 10 வரை இறங்கும் என்றால், 700-க்கு மேல் ஃபில் பவரும் 150 முதல் 200 கிராம் இறகும் உள்ள, தலையை மூடும் தொப்பி தைத்த ஜாக்கெட் போதும். அளவு பார்க்கும்போது ஃபிளீஸும் மழை ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, அவற்றின் மேலேயே இதைப் போட்டுப் பாருங்கள். ஓய்வுக்கு நிற்கும்போது உள்ளே இருப்பதைக் கழற்றாமல் மேலே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் இதன் வேலை. இறுக்கமாக இருந்தால் இறகு நசுங்கும். நசுங்கிய இறகில் காற்று தங்காது, காற்று தங்காவிட்டால் சூடும் தங்காது.

ஈரமானால் இறகு கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். நீர் ஒட்டாத பூச்சு கொடுத்த இறகு கொஞ்சம் தாங்கும், அவ்வளவே. விடாமல் மழை பெய்யும் பருவத்தில் போகிறீர்கள் என்றால் செயற்கை இழை அடைத்த ஜாக்கெட்டை எடுங்கள். சுமை அதிகம்தான், ஆனால் நனைந்தாலும் வேலை செய்யும். இரண்டில் எதுவாக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறாதீர்கள்.

படி 5: காற்றும் மழையும்

"வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றால் தூறலுக்குத்தான். உங்களுக்குத் தேவை வாட்டர்ப்ரூஃப். துணி எவ்வளவு நீர் அழுத்தம் தாங்கும் என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 10,000-க்குக் கீழே போக வேண்டாம், மழைப்பருவம் என்றால் 20,000 பக்கம் போங்கள். முதுகுப்பையின் பட்டை அழுத்தும் தோள்பட்டையில்தான் முதலில் நீர் உள்ளே இறங்கும். உள்பக்கம் திருப்பி, எல்லாத் தையல்மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அக்குளில் ஜிப் இருப்பது பெரிய உதவி. தொப்பி, உள்ளே கம்பளிக் குல்லா போட்டிருந்தாலும் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் பார்க்கும்போது துணிதான் தெரியும்.

"என் ஜாக்கெட் ஒழுகுகிறது" என்று பலர் சொல்வது பெரும்பாலும் ஒழுகல் அல்ல. வெளித்துணியில் நீர் முத்துமுத்தாக உருண்டு ஓடுவதற்கு ஒரு பூச்சு உண்டு. அழுக்கும் உரசலும் அதைத் தேய்த்துவிடும். பிறகு வெளித்துணி நீரைக் குடிக்கும், உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் போகும், உங்கள் வியர்வையே உள்ளே துளித்துளியாகத் தேங்கும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு கை தண்ணீரை அதன்மேல் தெளித்துப் பாருங்கள். உருண்டு ஓடாமல் துணி கருத்தால், மழை உடைகளுக்கான சோப்பில் துவைத்து, உள்ளே தைத்திருக்கும் சலவைக் குறிப்பு அனுமதித்தால் குறைந்த சூட்டில் உலர்த்துங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் பூச்சு ஸ்ப்ரே அடியுங்கள். துணியை மிருதுவாக்கும் திரவம் மட்டும் கூடவே கூடாது.

இதோடு சுமார் 100 கிராம் எடையுள்ள மெல்லிய காற்றுச் சட்டை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல்களில் இது பெரும்பாலும் இருக்காது, ஆனால் காற்று வீசும் நாளில் மணிக்கணக்காக உடம்பில் இருக்கப்போவது இதுதான். தெர்மல்மேல் இது ஒன்றே போதும், ஏறிக்கொண்டே இருக்கலாம்.

படி 6: கால்

நடக்கும்போது கால் தானே சூடாகும். காற்றைத் தடுக்கும் பேண்ட் ஒன்று, மழை பேண்ட் ஒன்று, முகாமுக்கு உள்ளே போடத் தெர்மல் ஒன்று. மழை பேண்ட்டின் பக்க ஜிப் முழங்கால் வரையாவது திறந்தால், பூட்டைக் கழற்றாமல் மாட்டலாம்.

பூட்டை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். கயிற்றைக் கட்டாமல் விரல்களை முன்னே முட்டும்வரை தள்ளினால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் பாருங்கள். கால்விரல் முன்னே இடித்தால் அந்த அளவு வேண்டாம். நீண்ட இறக்கத்தில் நகம் கருத்துப்போகும். வாங்கிய பின் 40, 50 கி.மீ. நடந்து பழக்கிவிட்டுப் போங்கள்.

ஏற்கெனவே அலமாரியில் பூட் இருக்கிறதே என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல பூட்களின் அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் நுரை, போடாமல் வைத்திருந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தால் சில வருடங்களில் உதிரத் தொடங்கும். பார்க்கப் புதிதுபோல இருக்கும், பாதி வழியில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வரும். வளைத்து, அடிப்பாகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சாக்ஸ் கம்பளி கலந்ததாக நடப்பதற்கு மூன்று, தூங்குவதற்குத் தளர்வாக ஒன்று. குளிர்கிறதே என்று இறுக்கமான பூட்டுக்குள் இரண்டு தடி சாக்ஸ் திணிப்பது நேர்மாறான பலனைத்தான் தரும். ரத்த ஓட்டம் குறையும், விரல் முதலில் மரத்துப்போகும். பனி இருந்தால் கணுக்காலை மூடும் கெய்ட்டரும், இறுகிய பனி இருந்தால் பூட்டின் அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கும் தேவை.

படி 7: கை, தலை, கண்

கைக்கு மூன்று அடுக்கு: தொடுதிரைக்கும் கயிறு கட்டுவதற்கும் மெல்லியது, நடப்பதற்கு ஃபிளீஸ் கையுறை, அவற்றின்மேல் விரல் பிரியாத தடித்த மிட்டன். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மிட்டனில் சூடு அதிகம் நிற்கும். அதை மணிக்கட்டோடு ஒரு நாடாவால் கட்டுங்கள், கணவாய்க் காற்றில் பறந்த கையுறை திரும்பி வராது. மெல்லியது இன்னொரு ஜோடி உபரியாக இருக்கட்டும். குலுக்கினால் சூடாகும் பொட்டலங்களை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அவை இரும்புத்தூள் ஆக்ஸிஜனோடு சேர்வதால் சூடாகின்றன; உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு, சூடும் குறையும்.

தலைக்குக் கம்பளிக் குல்லா, கழுத்துக்கு இழுத்து மூக்கை மூடக்கூடிய துணி, வெயிலுக்கு விளிம்புள்ள தொப்பி.

1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேகம் மூடியிருந்தாலும் கண்ணைக் காப்பாற்ற வேண்டும். வெயில் கண்ணாடிகளை எவ்வளவு கருமை என்பதை வைத்து வகை பிரித்திருப்பார்கள். பனியில்லாத பாதைக்கு வகை 3 போதும்; பனிமேல் நாள் முழுக்க நடப்பதென்றால் வகை 4. அது 3 முதல் 8 சதவீத வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விடும், அதனால் அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது. பக்கவாட்டிலும் மறைப்பு இருக்க வேண்டும். கண் வெந்தது உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, மணல் விழுந்ததுபோல உறுத்தும்போதுதான் தெரியும். சன்ஸ்கிரீனை மூக்கின் அடியிலும் தாடைக்குக் கீழும் தடவுங்கள், பனியிலிருந்து வெளிச்சம் கீழிருந்து வருகிறது.

படி 8: இரவு

ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசத் தரமுறையில் சோதித்த ஸ்லீப்பிங் பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் குளிர்ந்த எண்ணைத்தான். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும், அதாவது வசதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான எல்லை, தூங்குவதற்கானது அல்ல. முதல் படியில் வந்த எண் மைனஸ் 13 என்றால், கம்ஃபர்ட் மைனஸ் 13 அல்லது அதற்கும் கீழே.

ஆனால் எவ்வளவு நல்ல பேக்கும் கீழே நல்ல விரிப்பு இல்லாமல் வீண். உடல் எடையில் அடிப்பக்க இறகு நசுங்கிவிடுவதால் தரையின் குளிரைத் தடுப்பது விரிப்புதான். அதன் தடுப்புத் திறனை ஆர் மதிப்பு என்பார்கள். பனிமேல் படுக்க 4-க்கு மேல் வேண்டும். இரண்டு விரிப்பின் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்: 2 உள்ள நுரைப் பாயும் 3 உள்ள காற்றுப் பாயும் சேர்ந்தால் 5. காற்றுப் பாய் ஓட்டையானாலும் நுரைப் பாய் கைவிடாது.

மூக்கையும் வாயையும் பேக்குக்கு உள்ளே வைத்து மூச்சு விடாதீர்கள், இறகு ஈரமாகிவிடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலை மூடி இறுக்கிச் சோதித்துவிட்டு, சாக்ஸுக்குள் போட்டுக் கால்பக்கம் வையுங்கள். செல்போன், ஹெட்லேம்ப் பேட்டரி எல்லாம் உங்களோடு உள்ளே தூங்கட்டும், குளிரில் அவற்றின் சக்தி வேகமாக இறங்கும். பகலில் தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால், ஐஸ் மேலே கட்டும்; மூடி உறையாது. குழாய் வைத்த தண்ணீர்ப் பைகள் உறைந்துவிடுவதால் வேண்டாம்.

படி 9: வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும்

உடம்பைத் தொடுவதையும் பூட்டையும் வாங்குங்கள். டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், மைக்ரோஸ்பைக், நடைக்கோல் ஆகியவற்றை வாடகைக்கு எடுத்தால் தவறில்லை. வாடகை ஜாக்கெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இறகில்லாத வெற்றிடங்களைத் தேடுங்கள். அமுக்கிவிட்டால் சில நிமிடங்களில் உப்ப வேண்டும். ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்குள் போடச் சொந்தமாக ஓர் உறை எடுத்துப் போங்கள்.

படி 10: கிளம்புமுன் ஒத்திகை

எல்லா அடுக்கையும் போட்டுக்கொண்டு கையை உயர்த்துங்கள், குந்தி உட்காருங்கள். இடுப்பு தெரிந்தால் ஏதோ குட்டையாக இருக்கிறது. தடித்த கையுறையோடு ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து மூடிப் பாருங்கள். இழுக்க முடியாத ஜிப்பில் சிறு கயிறு கட்டுங்கள். பிறகு முழுச் சுமையோடு ஒருமுறை குளிரான அதிகாலையில் மேடேறுங்கள். கொஞ்சம் குளிர்கிறதே என்ற நிலையில் கிளம்ப வேண்டும், பத்து நிமிடத்தில் சூடாகிவிடும். வியர்க்கத் தொடங்கும்முன் ஒன்றைக் கழற்றுங்கள். நின்ற ஒரு நிமிடத்துக்குள், குளிர் தெரியும்முன்பே, டவுன் ஜாக்கெட்டை மாட்டுங்கள். அதற்காக அது பையின் உச்சியில் இருக்க வேண்டும், அடியில் அல்ல.

கூட வருபவர் நடுக்கத்தோடு தடுமாறி நடந்தால், பேச்சு குழறினால், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். ஈர உடையை மாற்றி, பேக்குக்குள் படுக்க வைத்து, நினைவோடு இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, உதவி கேளுங்கள். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று உயரத்தால் வரும் நோய்க்கு எந்த ஜாக்கெட்டும் மருந்தில்லை. நிலைமை மோசமானால் கீழே இறங்குவதுதான் சிகிச்சை.