பக்கத்து நிலத்தில் மொபைல் ஹோம் பார்க்: மண்டல மாற்றத்தை எதிர்ப்பது எப்படி

அமெரிக்காவில் நாட்டுப்புறக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஒன்றில் வசிப்பவருக்கு, பக்கத்து வயல் மொபைல் ஹோம் பார்க்காக, அதாவது ஆலையில் கட்டிக் கொண்டுவரப்படும் வீடுகளை வாடகை மனைகளில் நிறுத்தும் குடியிருப்பாக, மாறப்போகும் செய்தி பெரும்பாலும் சாலையோர அறிவிப்புப் பலகை வழியாகவோ தபாலில் வரும் கடிதம் வழியாகவோதான் எட்டும். அன்றோ மறுநாளோ கவுண்டியின் திட்டமிடல் அலுவலகத்துக்குச் சென்று, விண்ணப்பம், நில வரைபடம், அலுவலர்களின் பரிந்துரை அறிக்கை ஆகியவை அடங்கிய முழுக் கோப்பின் நகலையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கையெழுத்து வேட்டையும் கண்டனக் கூட்டமும் அதற்குப் பிறகு வரட்டும். கோப்பைப் படிக்காமல் கூட்டம் சேர்த்தவர்கள், கவுண்டி மக்களின் கருத்தைக் கேட்கும் பொது விசாரணை நாளன்று இல்லாத திட்டம் ஒன்றை எதிர்த்துப் பேசிவிட்டுத் திரும்புவதுண்டு.

கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது, மாற்றப்படுவது எது என்பதைத்தான். குறிப்பிட்ட ஒரு நிலத்தின் மண்டல வகைப்பாட்டை, அதாவது அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வரையறையை, வேளாண்மையிலிருந்து பார்க்குக்கு மாற்றுவது ஒரு வகை. கவுண்டி முழுவதற்குமான விதியின் சொற்களைத் திருத்துவது இன்னொரு வகை. முன்னதில் அந்த நிலத்தின் தன்மையை வைத்து வாதிடலாம். பின்னதில் கவுண்டி முழுவதையும் கருத்தில் கொண்டு பேச வேண்டும். திட்டமிடல் ஆணையம் பொதுவாகப் பரிந்துரை மட்டுமே செய்யும்; இறுதி வாக்கு கவுண்டி ஆணையர்களுடையது. ஆகவே முதற்கூட்டத்தில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். வென்றாலும் நிம்மதியாக உறங்கிவிட வேண்டாம். டெக்சஸ் போன்ற மாநிலத்தில் பெரும்பாலான கவுண்டிகளுக்கு மண்டல வகைப்பாடு செய்யும் அதிகாரமே இல்லை என்பதால், அங்கே கழிவுநீர் அனுமதியும் மனைப்பிரிவு விதிகளும்தான் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் கொழுகொம்புகள்.

அடுத்து, எந்த நிலம் எதிர்காலத்தில் எப்படிப் பயன்பட வேண்டும் என்று வகுக்கும், கவுண்டியின் விரிவான திட்டம் எனப்படும் ஆவணத்தை எடுத்து, அந்த நிலத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பக்க எண்ணுடன் குறித்துக்கொள்ளுங்கள். இதன் வலிமையை உணர்த்துவது ஓரிகன் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டியில் எழுந்த ஃபசானோ வழக்கு. அங்கும் தகராறு ஒரு மொபைல் ஹோம் பார்க்கைப் பற்றியதுதான்: தனி வீடுகளுக்கான பகுதியின் வகைப்பாட்டை மாற்றக் கவுண்டி ஒப்புதல் தந்தது, அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 1973-இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம், தனியொரு நிலத்துக்கான மாற்றத்தை நியாயப்படுத்தும் பொறுப்பு அதைக் கேட்பவருடையது என்றும், மாற்றம் விரிவான திட்டத்துடன் பொருந்துவதைக் காட்ட வேண்டும் என்றும், மாற்றம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு அந்தச் சுமையும் கூடும் என்றும் தீர்ப்பளித்தது. எல்லா மாநிலங்களும் இந்த வழியைப் பின்பற்றுவதில்லை. பல இடங்களில் மண்டல மாற்றம் சட்டமியற்றும் செயலாகக் கருதப்படுவதால், நியாயமான ஏதேனும் ஒரு காரணம் இருந்தாலே நீதிமன்றம் தலையிடாது. அப்படிப்பட்ட இடங்களில் ஆணையர்களின் வாக்கெடுப்புக்கு முன்பே வென்றாக வேண்டும்.

உங்கள் உழைப்பில் பெரும்பகுதி செல்ல வேண்டிய இடம் தண்ணீரும் கழிவுநீரும். நாட்டுப்புறத்தில் பொதுக் குழாய்கள் எட்டாத நிலங்களே அதிகம் என்பதால், பார்க் தனக்கென்று கிணறும் செப்டிக் அமைப்பும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 15 இணைப்புகளுக்கோ, ஆண்டில் குறைந்தது 60 நாட்கள் 25 பேருக்கோ குடிநீர் வழங்கும் அமைப்பு, தனியாருடையதாக இருந்தாலும், கூட்டரசுச் சட்டப்படி பொதுக் குடிநீர் அமைப்பாகிவிடும். சோதனைகளும் அறிக்கைகளும் அதற்குக் கட்டாயம். யார் அதை நடத்துவார், பழுதானால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். வேளாண் துறை இணையத்தில் இலவசமாகத் தரும் மண் வரைபடத்தில் அந்த மண் கழிவுநீரை உறிஞ்சக்கூடியதா என்றும், கூட்டரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் நிலம் எந்த வகையில் வருகிறது என்றும் பாருங்கள். உங்கள் கிணற்றின் ஆழம், நீர்மட்டம் குறைந்த ஆண்டுகள் ஆகியவற்றுக்கான பதிவுகள் இருந்தால், அவை நூறு கையெழுத்துகளைவிடக் கனமானவை. சாலையின் அகலம், தீயணைப்பு நிலையத்தின் தொலைவு, தீயணைப்புக்கு நீர் எங்கிருந்து வரும் என்பவை இவற்றை ஒட்டிய கேள்விகள். தேதியிட்ட படங்களே இங்கு போதும்.

கையெழுத்துகளிலும் சட்ட வலிமை கொண்ட ஒரு வகை உண்டு. மாநிலங்கள் பின்பற்றுவதற்கென்று 1920-களில் வெளியான மாதிரி மண்டலச் சட்டம், மாற்றப்படும் நிலத்திலோ அதை ஒட்டிய பகுதியிலோ 20 சதவீதப் பரப்பின் உரிமையாளர்கள் முறைப்படி மறுப்புத் தெரிவித்தால், மாற்றத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு தேவை என்றது. சில மாநிலங்களில் இது இன்றும் உண்டு. வட கரோலினா 2015-இல் நீக்கிவிட்டது. உங்கள் மாநிலத்தில் இருக்குமானால், இதற்கான கையெழுத்தைப் பத்திரத்தில் உள்ள பெயரின்படியே வாங்குங்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள நிலத்துக்கு ஒருவர் மட்டும் கையெழுத்திட்டதைக் காட்டி மனுவை உடைக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முயல்வார்.

எதைப் பேசக்கூடாது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். "அந்த மாதிரி ஆட்கள்" என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னால், அது பதிவேட்டில் ஏறி, 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் கவுண்டிக்கு எதிரான சான்றாகவே மாறக்கூடும். அதன்பின் உங்கள் கிணற்றுக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வீடுகள் தரமற்றவை என்ற வாதமும் நிற்காது. 1976 ஜூன் 15 முதல் ஆலையில் கட்டப்படுபவை ஹட் எனப்படும் கூட்டரசு வீட்டுவசதித் துறையின் தரவிதிகளுக்கு உட்பட்டவை. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1981-இல், பார்க்குகளுக்கு வெளியே இவ்வகை வீடுகளை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதியைச் செல்லாது என்றது. மலிவான வீடு தேவைப்படுபவர் எங்கேனும் வாழத்தான் வேண்டும். உங்கள் கேள்வி இந்த நிலம் இத்தனை வீடுகளைத் தாங்குமா என்பதாக இருக்கட்டும்.

மாற்றம் எதிர்த்திசையில் வருவதும் உண்டு: ஏற்கெனவே உள்ள பார்க்கின் நிலத்தை வணிகத்துக்கோ விலையுயர்ந்த வீடுகளுக்கோ மாற்றக் கேட்பார்கள். அங்கே எதிர்ப்பவர்கள் பார்க்கில் குடியிருப்பவர்கள். வீடு அவர்களுடையது, அடிமனை வாடகைக்கு. மேலே சொன்ன மறுப்பு மனுவில் நில உரிமையாளர்களே கணக்கு என்பதால் அவர்களின் கையெழுத்துக்கு எடையில்லை. இது அநீதி என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய வீடுகளைப் பெயர்த்து எடுத்துச் செல்வது பல வேளைகளில் முடியாது. முடிந்தாலும் வேறு பார்க்குகள் ஏற்பதில்லை. ஆகவே எத்தனை வீடுகள், எந்த ஆண்டில் கட்டப்பட்டவை, எத்தனை முதியவர்கள், குழந்தைகள் என்ற பட்டியலை விசாரணைக்கு முன்பே எழுத்தில் தாருங்கள். இடம்பெயர்வு உதவி குறித்த மாநிலச் சட்டத்தையும் தேடுங்கள்.

விசாரணையில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். ஒருவர் தண்ணீர், ஒருவர் சாலை, ஒருவர் விரிவான திட்டம் என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்குங்கள். ஓரிகனில் விசாரணையில் எழுப்பாத வாதத்தைப் பின்னர் மேல்முறையீட்டில் எழுப்ப முடியாது. தோல்வி தெரிந்துவிட்டால், வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், எல்லையில் மரவரிசை, சாலையில் திருப்பத் தடம் ஆகிய நிபந்தனைகளை அதே இரவில் கேட்டுவிடுங்கள். வாக்கெடுப்பு முடிந்த பிறகு யாருக்கும் பேரம் பேசத் தேவையிருக்காது. மேல்முறையீட்டுக்கான காலமும் குறுகியது: ஓரிகனில் 21 நாட்கள், வர்ஜீனியாவில் 30 நாட்கள். நாள் எதிலிருந்து எண்ணப்படும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், நில வழக்கறிஞரை வாக்கெடுப்புக்கு முன்பே பார்த்து வைத்திருப்பது நல்லது.